ஃப்ராவ் ரிச்சர்

அவருடைய பெயரை எழுதினாலும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. தமிழாக்களுக்கு அவர் ரீச்சர். நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் அவருடைய குடும்பப் பெயராக்கும் என்று நினைத்த சுவிஸ்காரர்கள் முன்னால் திருமதி என்பதற்கு ஒரு ‘ஃப்ராவ்’ போட்டு, ‘ஃப்ராவ் ரிச்சர்’ ஆக்கிவிட்டார்கள். மகளிர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது. அதைத் திருத்தச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

“இருக்கட்டும் பிள்ளை. பதினெட்டு வருஷம் அதுதானே என்ர பேர்” என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் கணிதம் படிப்பித்தவர். இங்கே சுவிஸில், பாடன் நகரிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம் தள்ளியிருக்கும் எங்கள் சின்ன ஊரில், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தோம், இரண்டாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். கணவர் இங்கு வந்த மூன்றாம் வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அ, ஆ சொல்லித் தந்தார். திரிகோண கணிதம் படிப்பித்த மனுசி, அணில், ஆடு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போது எனக்கு என்னவோ செய்கிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

சோதனைத் தாள் திருத்துவதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரியான விடைக்கு ஒரு புள்ளி. பிழையான விடைக்குக் கால் புள்ளி. எழுதாமல் விட்ட இடத்துக்குப் பூச்சியம். பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தகப்பன் எழும்பி, “பிழைக்கும் புள்ளியோ ரீச்சர்? இதென்ன நியாயம்?” என்று கேட்டார்.

“பிழை எழுதின பிள்ளையைத் திருத்தலாம் அண்ணை. ஒண்டும் எழுதாமல் விட்ட பிள்ளையிட்டை நான் எதைத் திருத்திறது?”

வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நிற்பார். யாராவது வாய் திறக்கும்வரை திரும்பமாட்டார். அடிக்கமாட்டார், ஏசமாட்டார். அப்படி நிற்பார், அவ்வளவுதான். அந்த நிற்பைத் தாங்கமுடியாமல் எங்களில் ஒருவர் எதையாவது உளறிவிடுவோம். உடனே முகமெல்லாம் மலர்ந்து திரும்புவார். “ஆ! பிழை. ஆனா நல்ல பிழை. இனி எல்லாரும் பாருங்கோ, இவள் எந்த இடத்திலை வழி மாறினவள் எண்டு.”

அவருடைய டொச்சும், அதாவது ஜெர்மன் மொழியும், அதே கணக்குத்தான். இலக்கணம் வரும்வரை காத்திருக்கவில்லை. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் ‘டெர், டீ, டாஸ்’ மூன்றில் ‘டாஸ்’ மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தார். வினைச்சொல் ஞாபகம் வந்தால் போடுவார், வராவிட்டால் கையால் காட்டுவார். ஊரிலுள்ள எல்லோருக்கும் ‘டூ’ தான், நீ தான். பஸ் சாரதிக்கும் நீ, டொக்டருக்கும் நீ, முதியோர் இல்லத்து இயக்குநருக்கும் நீ. அதுவும் பெரிய குரலில். இயந்திரங்கள் ஓடுகிற சலவை அறையில் வருஷக்கணக்காகக் கதைத்த குரல் அது.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒருநாள். பள்ளிக்கூடம் விட்டு, என் வகுப்புப் பெண்கள் நாலு பேருடன் பஸ்ஸில் பின் இருக்கையில் இருந்தேன். ரீச்சர் முன்பக்கத்தால் ஏறினார். சாரதியிடம், “டூ, இண்டைக்கு முகம் ஏன் துக்கம்?” என்று டொச்சில் ஏதோ ஒரு வடிவில் கேட்டார். அந்த மனுசன் சிரித்துவிட்டான். பின்னால் என் சிநேகிதி அவர் பேசிய விதத்தைச் சொல்லிக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “உனக்கு அவவைத் தெரியுமா?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ரீச்சர் திரும்பி என்னைக் கண்டு கையை உயர்த்தப் போனவர், என் தலையாட்டலைக் கண்டாரோ என்னவோ, கையை மேலே கொண்டுபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று கண்டிருக்கமாட்டார் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நான் எங்கள் ஊர் நகரசபை அலுவலகத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே சேர்ந்த முதல் தமிழ்ப் பிள்ளை நான்தான். கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் பெயர் அட்டையுமாக முதல்முறை தனியாக இருந்த நாளில் ரீச்சர் வந்தார். வதிவிட அனுமதி அட்டை புதுப்பிக்க வேண்டும். என்னைக் கண்டதும் வரிசையில் நின்றவர்களிடம் திரும்பி, தன் டொச்சில் சத்தமாக அறிவித்தார், “இது என்ர மாணவி! நான் படிப்பிச்சனான்!”

என் மேலாளர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. நான் ரீச்சரைப் பார்த்து, மிகச் சுத்தமான டொச்சில், முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல, “வணக்கம். உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றேன்.

அவர் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து, கண்ணாடியின் கீழால் தள்ளினார். வேலை முடியும்வரை நான் தமிழில் ஒரு சொல் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது குசினியில் அம்மா பூரிப்போடு சொன்னார், “ரீச்சர் வந்து உன்னைப் பற்றி ஒரே புகழ்ச்சி. ‘அலுவலக நேரத்திலை அறிஞ்சவை தெரிஞ்சவை எண்டு பார்க்கமாட்டாள், நேர்மையான பிள்ளை’ எண்டு.”

நான் சோற்றைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

மகளிர் சங்கத்துக்குள் அவர் போனது யாரும் கூப்பிட்டு அல்ல. சங்கம் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கட்டடத்தில் ஒரு பழைய பொருள் கடை நடத்தியது. ஊர்ச்சனம் தரும் உடுப்பு, கோப்பை, விளையாட்டுச் சாமான்களை விற்று, வரும் வருமானத்தில் தனித்திருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுவார்கள். அந்தக் கடையைப் புறோக்கி என்போம். ஒரு புதன்கிழமை ரீச்சர் குளிர்க்கோட்டு வாங்கப் போனார். மூலையில் ஒரு பெட்டியில் ஐந்தாறு படப் புதிர்களின் துண்டுகள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நிலத்தில் இருந்து பிரிக்கத் தொடங்கினார். கடை பூட்டும்வரை பிரித்தார். கோட்டு வாங்க மறந்துபோனார்.

அடுத்த புதனும் போனார். மூன்றாம் புதன் கடைப் பொறுப்பாக இருந்த வ்ரேனி ஒன்றும் பேசாமல் ஒரு நீல ஏப்ரனை எடுத்து அவர் கையில் கொடுத்தா.

வ்ரேனிக்கு அப்போது எழுபது வயதிருக்கும். உயரமான, முழங்கால் மடங்காத மனுசி. பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வுபெற்றவ. இங்கத்தைய பேச்சுவழக்கான சுவிஸ் டொச்சைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. அவ சொல்வது ரீச்சருக்கு விளங்காது, ரீச்சர் சொல்வது அவவுக்கு விளங்காது. ஆனால் இருவரும் ஆசிரியர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் வாய் மூடியதை நான் கண்டதில்லை. வ்ரேனி ஒரு பொத்தானைத் தூக்கிக் காட்டி அதன் பெயரைச் சொல்லுவா, ரீச்சர் பிழையாகச் சொல்லுவார், வ்ரேனி தலையை ஆட்டுவா, ரீச்சர் மறுபடி பிழையாகச் சொல்லுவார், இருவரும் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வ்ரேனி எங்கள் கட்டடத்துக்குச் சாப்பிட வருவா. கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பா. பிறகு இருவரும் லிம்மாட் ஆற்றங்கரையில் நடப்பார்கள், கெட்டியாகக் கை கோர்த்துக்கொண்டு, நடுப்பாதையில், சைக்கிள்காரர் மணி அடித்தாலும் விலகாமல்.

அதுவரை ரீச்சர் சிரிக்கிறபோது மேல்பல்லில் ஒன்று இல்லை என்பதே எனக்குத் தெரியாது. அவ்வளவு வாய் விட்டு அவர் சிரித்ததில்லை. ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னார், “பிள்ளை, பத்து வருஷம் அந்த மிஷினுகளோடைதான் கதைச்சுக்கொண்டிருந்தனான். இப்ப ஒரு மனுசி என்னைப் பிழை எண்டு சொல்லுறா. எவ்வளவு சந்தோஷமாயிருக்கு தெரியுமோ?”

இனிச் சொல்லப்போவதைத்தான் இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

என் பயிற்சி முடிய நாலு மாதம் இருந்தது. முடிந்ததும் அதே அலுவலகத்தில் நிரந்தர வேலை கிடைக்கலாம் என்று பேச்சு. ஒரு காலை சங்கத் தலைவி என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றா. நல்ல மனுசி, மென்மையாகப் பேசுபவ. வீட்டுப்பாடம் செய்ய வீட்டில் ஆள் உதவி இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, புதன் பின்னேரங்களில் ஒரு உதவி வகுப்பு தொடங்கப்போகிறார்களாம். அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில். அதன் திறப்பு, சாவி, எங்கள் அலுவலகக் கருமபீடத்தில் இருக்கும்.

“கணிதத்துக்கு ஃப்ராவ் ரிச்சரைக் கேட்கலாம் என்று வ்ரேனி சொல்லுறா. எனக்கும் விருப்பம். ஆனா அவவின்ர டொச் போதுமா? அவவை உங்களுக்கு நல்லாத் தெரியும்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?” என்று கேட்டா.

என் மனதில் அந்த நேரம் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு புதனும் ரீச்சர் திறப்பு வாங்க வந்து நிற்பது தெரிந்தது. என் மேலாளரை ‘நீ’ என்பது கேட்டது. ஊர்ப் பத்திரிகையில் படம் வரும், எல்லோரும் என்னிடம் வந்து ‘உங்கள் ரீச்சர், உங்கள் ரீச்சர்’ என்பார்கள். நான் தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் இருப்பவருக்கு நான் தமிழ்ப்பிள்ளை என்று தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது.

“அவவின்ர டொச் காணாது” என்றேன். “வேலை முடிஞ்சு நல்லாக் களைச்சுப்போய் வாறவ. ஆனா நீங்கள் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லமாட்டா, எங்கடை ஆக்கள் அப்பிடித்தான், கூச்சப்படுவினம். பிறகு அவவுக்குத்தான் கஷ்டம். கேளாமல் விடுறதுதான் அவவுக்கு நீங்கள் செய்யிற உதவி.”

நாலைந்து வசனம். பிசகில்லாத சுவிஸ் டொச்சில்.

தலைவி என் கையைத் தொட்டு நன்றி சொன்னா. “நல்லவேளை உங்களிட்டைக் கேட்டன். அவவை நான் சங்கடப்படுத்தியிருப்பன்.”

அந்தச் சனிக்கிழமை ரீச்சர் ஒரு கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னம், தொகுதி, பகுதி, விழுக்காடு, சுற்றளவு. கணிதச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் டொச்சிலும் எழுதியிருந்தார். டொச்சின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கீழே குறித்திருந்தார்.

“உச்சரிப்பு ஒருக்காப் பார் பிள்ளை. சங்கத்திலை என்னை ஒரு வேலைக்குக் கேப்பினம்போலை கிடக்கு. வ்ரேனி சொன்னவா.”

நான் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக் கொடுத்தேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அம்மா வடை கொண்டுவந்து வைத்தார். இதைத்தான் என்னால் இன்றுவரை எனக்கே விளங்கப்படுத்த முடியவில்லை. அவரைக் கேட்கமாட்டார்கள் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான், அந்தச் சொற்களைத் திருத்திக்கொண்டு இருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ் அம்மாவை வைத்து வகுப்பு தொடங்கியது. ரீச்சர் புதன்கிழமைகளில் புறோக்கியில் உடுப்பு அடுக்கினார். சங்கத்துப் பெண்கள் முன்னைவிட அன்பாக இருந்தார்கள், பாரமான பெட்டிகளை அவர் தூக்க விடவில்லை, “களைச்சிருப்பீங்கள், இருங்கோ” என்றார்கள். அது ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் படிக்கட்டில் என்னிடம் கேட்டார், “பிள்ளை, என்னிலை என்ன பிழையெண்டு ஆரும் சொன்னால் திருத்திப்போடுவன். ஒருத்தரும் சொல்லீனமில்லை. நீ ஏதும் கேள்விப்பட்டனியோ?”

“இல்லை ரீச்சர்.”

ஒரு வருஷம் அப்படிப் போனது. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் குறைந்து, கடைசியில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். அந்த அம்மாவும் விலகினா. எனக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது.

அப்போதுதான் வ்ரேனி பொறுமையிழந்து ரீச்சரிடம் நேரே கேட்டிருக்கிறா, நீ ஏன் அண்டைக்கு மாட்டன் என்றாய் என்று. நான் எங்கை மாட்டன் என்றேன் என்று இவர் கேட்க, வ்ரேனிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் ஆட்களில், உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் தலைவியிடம் உனக்கு ஏலாது என்று சொன்னாராம்.

ஞாயிறு பின்னேரம் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி போடப் போனார். அவர் கதிரையில் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை, போன வருஷம் தலைவி உன்னட்டை என்னைப் பற்றிக் கேட்டவவோ?”

“இல்லை. எனக்கொண்டும் தெரியாது ரீச்சர்.”

அவர் எழும்பி யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

நான் அந்த நிற்பை அறிவேன். ஆறு வயதிலிருந்து அறிவேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே யாரோ கண்ணாடிப் போத்தல்களை மீள்சுழற்சித் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போடும் சத்தம் கேட்டது. பிழையாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் போதும். மேலாளர் சொல்லச் சொன்னார் என்று ஒரு பொய்யாவது. நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். ரீச்சர் குடித்தார். “நல்ல சாயம்” என்றார். போய்விட்டார்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அம்மாவுடன் அதே சிரிப்பு, என்னிடம் அதே “பிள்ளை.” ஆனால் கடிதம் கொண்டுவருவது நின்றுவிட்டது. காப்புறுதிக் கடிதம், வரிப் படிவம், பல் டொக்டரின் தவணை, ஒன்றையும் என்னிடம் மொழிபெயர்க்கத் தரவில்லை. அம்மா கேட்டதற்கு, “பிள்ளைக்கு வேலை கூட. நானே வாசிச்சுப் பழகிறன்” என்றாராம்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த நாளே அவர் தலைவியின் வீட்டுக்குத் தனியாகப் போய் மணி அடித்திருக்கிறார். வாசலில் நின்று மூன்றே மூன்று வசனம் சொன்னாராம். “எனக்கு ஏலும். எனக்கு விருப்பம். நீ என்னைக் கேள்.” அந்தக் கதையைத் தலைவியே பின்னாளில் எல்லோருக்கும் நடித்துக் காட்டுவா.

ஆறு வருஷம் அந்த வகுப்பை நடத்தினார். புறோக்கியில் விற்காத தட்டுகளைக் கொண்டுவந்து, பீங்கானில் எழுதும் பென்சிலால் கோடு கீறி, அரை, கால், அரைக்கால் என்று பின்னம் சொல்லிக் கொடுப்பார். எரித்திரியா, கொசோவோ, போர்த்துக்கல், எங்கள் பிள்ளைகள், சுவிஸ் பிள்ளைகள், எல்லோரும் அவருடைய டொச்சைத் திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிள்ளைக்கு ஒரு புள்ளி. வ்ரேனி மூலையில் இருந்து கிழிந்த ஜாக்கெட்டுகளுக்குச் சிப் தைத்துக்கொண்டு, எப்போதாவது, “ஃப்ராவ் ரிச்சர், டாஸ் இல்லை, டெர்!” என்று கத்துவா. திறப்பு வாங்க அவர் புதன்தோறும் என் கருமபீடத்துக்கு வந்தார். என் மேலாளரை நீ என்றார். மேலாளரும் அவரை நீ என்றார். மேலாளருடைய மகன்கூட அந்த வகுப்புக்குத்தான் போனான். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அவரைத் தெரிவு செய்தார்கள்.

பிறகு கனடாவில் இருந்த தங்கைக்குப் பாரிசவாதம் வந்தது. பார்க்க ஆளில்லை. ரீச்சர் ஓய்வூதிய வயதை எட்டியிருந்தார். அங்கேயே போய்விடுவதென்று முடிவெடுத்தார்.

பிரியாவிடை தேவாலய மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் சங்கத்துப் பெண்கள், ஒரு பக்கம் சுவிஸ் டொச் பிடிபடாத வயதான தமிழாக்கள், நடுவில் மேசை நிறையக் கேக்கும் பற்றிசும். வ்ரேனி பேசினா. அவவுக்கு எண்பது ஆகப்போகிறது, கைத்தடி வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். சங்கம் என்னிடம்தான் கேட்டது. வேறு யாரிடம் கேட்பார்கள்?

புதிர்த் துண்டுகள், ஏப்ரன், இறைச்சிக் குழம்பு எல்லாவற்றையும் சொன்னா. நான் சொன்னேன், சனம் சிரித்தது. பிறகு வ்ரேனி கடதாசியை மடித்துவிட்டு, நிதானமாக ஒரு விஷயம் சொன்னா.

“முதல் வருஷம் நாங்கள் அவவைக் கேட்கவில்லை. அவவுக்கு ஏலாது என்று ஒருவர் எங்களுக்குச் சொன்னார். அந்த ஆள் எங்களைப்போலவே எங்கள் மொழி பேசியதால் நம்பிவிட்டோம். ஃப்ராவ் ரிச்சர் எங்கள் முன்னாலேயே இருந்தா, அவவைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினா. அது நான்தான் என்று அவவுக்குத் தெரியாது. மண்டபம் காத்திருந்தது. அம்மா முன்வரிசையில் இருந்தார்.

“ரீச்சர் செய்த எல்லாத்துக்கும் நன்றி எண்டு வ்ரேனி சொல்லுறா” என்றேன்.

ஆனால் அங்கே என்னைத் தவிர இரண்டு மொழியும் விளங்கிய ஒருவர் இருந்தார். ரீச்சர் எழும்பினார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தமிழாக்கள் பக்கம் திரும்பி, அந்தச் சலவை அறைக் குரலில் சொன்னார்.

“பிள்ளை ஒரு வசனத்தை விட்டிட்டாள், என்னைப் பற்றியதெண்டபடியால் சொல்லக் கூச்சப்படுறாள். நான் சொல்லுறன். முதல் வருஷமே என்னைக் கேக்கத்தான் இருந்தவையாம். நான்தான் டொச் தெரியாது, எனக்கு ஏலாது எண்டு பின்வாங்கிப்போட்டன். ஒரு வருஷம் வீணாப்போச்சுதாம். அதுதான் வ்ரேனிக்குக் கவலை.”

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் வாயால் ‘எனக்கு ஏலாது’ என்று வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் பொய்.

அது நான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பல வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்தபின் மண்டபத்துக் குசினிக்குப் போனேன். வ்ரேனி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தா. ரீச்சர் தனியாக நின்று கோப்பிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரீச்சர், அண்டைக்குத் தலைவியிட்டைச் சொன்னது நான்தான்.”

“ஓம் பிள்ளை.”

“உங்களாலை எனக்கு வெக்கமாயிருந்தது. அதுதான் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபமிருக்கவில்லை. ஒரு கணக்கில் எந்த இடத்தில் வழி மாறியது என்று தேடுவதுபோலத்தான் முகம் இருந்தது.

“எனக்கு ஒரு வருஷந்தானே போனது. அதுக்குப் பிறகு ஆறு வருஷம் வந்திட்டுது. நான் என்னத்துக்கு உன்னைக் கோவிக்க? அந்த வருஷம் ஆறாம் வகுப்பிலை மிரியம் எண்டொரு எரித்திரியாப் பிள்ளை இருந்தவள். தாயோடை புறோக்கிக்கு வந்து பழைய கணக்குப் புத்தகம் இருக்கோ எண்டு கேட்டவள். கட்டடப் படம் கீறிற வேலை படிக்க ஆசையாம். பின்னம் மட்டுந்தான் அவளுக்கு விளங்கேல்லை. எனக்கு ரெண்டு மாசம் காணும், பிள்ளை. ஆனா ஒருத்தரும் கேக்காத இடத்திலை நான் எப்பிடிப் போய் நிக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன். அது என்ர பிழை. வருஷக் கடைசியிலை அவளைக் கீழ்ப்பிரிவிலை போட்டிட்டினம்.”

ஆறாம் வகுப்பு முடியப் பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். கீழ்ப்பிரிவுக்குப் போனவர்களுக்கு அந்த வேலை படிக்க இடம் கிடைப்பது அரிது. இதை நான் அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, அவர் எனக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

“மன்னிக்கிறதெண்டால் அவள்தான்” என்றார். “அவளிட்டைப் போய்ச் சொல்லு.” அடுத்த கோப்பையை எடுத்தார்.

பத்து நாளில் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். வ்ரேனியுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளியில் பேசுகிறார், இரண்டு பேரும் கத்துகிறார்களாம். அம்மாவுடனும் பேசுவார். என்னைச் சுகம் கேட்பார். சொல்லியாயிற்றா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மிரியத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பாடன் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் வேலை செய்கிறாள். இருபத்திரண்டு வயதிருக்கும். எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை. வேலை பிடிக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பிடித்துமிருக்கலாம். அவளிடம் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு வருஷமாக, வாரத்தில் மூன்று காலை, அவளிடம்தான் கோப்பி வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் வசனத்தை மனதில் அடுக்கிக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறேன். என் முறை வருகிறது. கோப்பியை வைத்துவிட்டு, இங்குள்ள கடைகளில் எல்லோரும் கேட்பதுபோல, “வேறு ஏதாவது?” என்று கேட்கிறாள்.

“இல்லை, நன்றி” என்கிறேன்.